கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்தில் மருந்தடிக்கும் முன்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட கரோலினாவின் ஆஷ் கவுன்டியில் நான்கு ஏக்கர் ஃபிரேசர் ஃபர் மரங்களை (கிறிஸ்துமஸ் மரமாக விற்கும் ஊசியிலை மரம்) குத்தகைக்கு எடுத்து இது ஆறாவது வருடம். வார நாட்களில் சார்லட்டில் கணினி வேலை, சனி ஞாயிறு மலைமேல். முதல் வருடம் மே மாதக் கடைசியில் போய்ப் பார்த்தால் புதுத் தளிரெல்லாம் சுருண்டு கிடந்தது. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. பூச்சிமருந்துக் கடையில் கேட்டதற்கு, பைஃபென்த்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தால் எல்லாம் போய்விடும் என்றார்கள். லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு அடித்தேன். எல்லாம் போனது உண்மைதான். போகக் கூடாதவையும் சேர்ந்து போயின. அதே வருடம் செப்டம்பரில் உள்பக்கக் கிளைகள் வெளிறின, அக்டோபரில் துரு நிறமாயின. விற்பனைக்கு நாடா கட்டி வைத்திருந்த 140 மரங்களில் 60-க்கு மேல் அந்த நவம்பரில் வெட்டவே முடியவில்லை.

அந்த மே மாத மருந்தே தேவையில்லை என்று எனக்குத் தெரிய இன்னொரு வருடம் ஆனது. நீங்கள் இப்போதுதான் மரத்தோட்டம் வாங்கியிருக்கிறீர்கள், அல்லது குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஸ்பிரேயர் வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கே சொல்வதெல்லாம் வட கரோலினா மலைப்பகுதியின் ஃபிரேசர் ஃபர் மரத்துக்கு. ஓரிகனிலோ மிச்சிகனிலோ இருந்தால் மரவகையும் மாதங்களும் மாறும். உங்கள் கவுன்டி விவசாய விரிவாக்க அலுவலகத்தில் தேதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தோட்டத்தில் நடந்தது இதுதான். தளிரைச் சுருட்டியது ஒரு அசுவினி, சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. அதைத் தின்ன பொறிவண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும், சிர்பிட் ஈயின் (பூவில் தேன் குடிக்கும் ஒரு ஈ) புழுவும் அப்போதுதான் கூட்டமாக வந்து சேர்ந்திருந்தன. பைஃபென்த்ரின் ஒரு பைரித்ராய்டு. அசுவினி, பொறிவண்டு என்று பார்க்காது, படுகிற எல்லாவற்றையும் கொல்லும், இலையில் வாரக்கணக்கில் தங்கும். அதே மரத்தில் ஸ்ப்ரூஸ் சிலந்திப்பேனும் (இலைச் சாறு உறிஞ்சும் நுண்ணிய எட்டுக்கால் உயிர்) கொஞ்சம் இருந்திருக்கிறது. அதை அடக்கி வைத்திருந்தவை கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள இரைவிழுங்கிப் பேன்கள். அவையும் செத்தன. சிலந்திப்பேனின் முட்டைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கோடை வெயிலில் சும்மா கிடந்துவிட்டு, குளிர் தொடங்கியதும் தடுக்க ஆளில்லாமல் பெருகின.

நெல் போட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. பைரித்ராய்டு அடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாக வரும் என்று ஊரில் விவசாய அதிகாரிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே கதைதான், மரம் வேறு.

1. எந்த மரத்தை எந்த வருடம் விற்கப் போகிறீர்கள் என்று குறியுங்கள்

இதை மருந்து வேலையாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் இதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

ஐந்தடிக்கு ஐந்தடி இடைவெளி என்றால் ஒரு ஏக்கருக்கு 1,742 மரம் வரும். பாதை விட்டால் குறையும். நட்டதிலிருந்து ஆறேழு அடி மரமாக விற்க ஏழு முதல் பத்து வருடம் ஆகும். ஆக, எந்த வருடத்தை எடுத்தாலும் உங்கள் தோட்டத்தில் பெரும்பாலான மரங்கள் விற்பனைக்கு வராதவை. அவற்றில் தளிர் சுருண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த இரண்டு வருட வளர்ச்சி அதை மூடிவிடும், ஜூலையில் கத்தரிக்கும்போது கொஞ்சம் வெட்டுப்பட்டும் போகும்.

ஒரு வரைபடம் போட்டு, இந்த வருடம் விற்பவை, அடுத்த வருடம் விற்பவை, மற்றவை என்று மூன்றாகப் பிரியுங்கள். அசுவினிக்கு மருந்து என்ற பேச்சே முதல் பகுதிக்குத்தான், மிஞ்சினால் இரண்டாவதற்கும். நான் நான்கு ஏக்கருக்கும் அடித்தேன். மூன்று ஏக்கருக்கு மேல் தண்டச் செலவு. அந்த மூன்று ஏக்கரும்தான் பொறிவண்டுகள் திரும்பி வருவதற்கான இடமாக இருந்திருக்கும்.

2. லென்ஸும் வெள்ளைத் தட்டும் வாங்குங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, எனக்கு 12 டாலர் ஆனது. டாலர் கடையில் வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்று. மார்ச் முதல் அக்டோபர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். இதைச் செய்யாதவர்கள் கடைசியில் கேலண்டரைப் பார்த்து மருந்தடிப்பார்கள்.

கிளைக்கு அடியில் தட்டைப் பிடித்து, கிளையை நாலைந்து முறை பலமாகத் தட்டுங்கள். விழுந்ததை லென்ஸில் பாருங்கள். மண்துகள் போல இருந்து மெதுவாக நகர்வது சிலந்திப்பேன். பளபளவென்று, பேரிக்காய் வடிவில், தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவது இரைவிழுங்கிப் பேன். அது உங்கள் பக்கத்து ஆள். முதல் தடவை எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. நாலு சனிக்கிழமை போனால் பழகிவிடும்.

தட்டில் விழாதவையும் உண்டு. சிலந்திப்பேனின் முட்டை குளிர்காலம் முழுக்கக் குச்சியில், ஊசியிலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், செம்பழுப்பு உருண்டைகள். பொரித்துவிட்டால் ஓடு நிறமில்லாமல் தெரியும். மார்ச்சில் சில குச்சிகளை ஒடித்து உள்ளே எடுத்து வந்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். மலைக்காற்றில் கை விறைக்க நின்று பார்ப்பதைவிட இது மேல்.

எந்த மரத்தைப் பார்ப்பது? மண்பாதை ஓரத்து மரங்களில் தொடங்குங்கள். தூசு படிந்த, காய்ந்த இடத்தில்தான் சிலந்திப்பேன் முதலில் தலைகாட்டும். அப்புறம் வெயில் விழும் சரிவு. போன தடவை எங்கே வந்ததோ அங்கேயும் கட்டாயம் பாருங்கள். பாதையிலிருந்து கைக்கு எட்டும் மரங்களோடு திரும்பிவிடாமல் உள்ளேயும் நடங்கள். முதல் இரண்டு வருடம் நான் திரும்பித்தான் வந்தேன்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: கெட்டது எத்தனை, நல்லது எத்தனை. பத்துக் குச்சியில் மூன்றில் சிலந்திப்பேன், ஆனால் ஓடுகிற பேனும் கண்ணில் படுகிறது என்றால் நான் பத்து நாள் பொறுத்து மறுபடி பார்ப்பேன். ஓடுகிறது ஒன்றுகூட இல்லையென்றால் பொறுக்க மாட்டேன். இது என் கணக்கு. எத்தனை இருந்தால் அடிக்க வேண்டும் என்ற வரம்பு அட்டவணையைக் கவுன்டி அலுவலகத்தில் தருவார்கள், அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. காகித வேலையைக் குளிர்காலத்தில் முடியுங்கள்

கிறிஸ்துமஸ் மரத்துக்கு அடிக்கும் பைஃபென்த்ரின், எஸ்ஃபென்வலரேட் போன்ற பண்ணை மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டவை. தனியார் தெளிப்பாளர் சான்றிதழ் இல்லாமல் வாங்கவும் முடியாது, அடிக்கவும் கூடாது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். கவுன்டி அலுவலகத்தில் குளிர்காலத்தில் வகுப்பு நடக்கும், பிறகு தேர்வு. கையேட்டை ஒருமுறை ஒழுங்காகப் படித்தால் தேர்ச்சி பெறலாம். கட்டணம் ஒரு பீட்சா விலைக்குள் முடியும். வட கரோலினாவில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வகுப்புக்குப் போன நேரக் கணக்கு வேண்டும், கடைசி மாதத்தில் ஓடாதீர்கள்.

நான் சொல்லும் மென்மையான மருந்துகள் பலவற்றுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பஞ்சு அடெல்ஜிட் (அடிமரத்தைத் தாக்கும் ஒரு பூச்சி, கீழே சொல்கிறேன்) வரும் நாளில் தேவைப்படும். அது வராத தோட்டம் குறைவு. இன்னொன்று: இந்தச் சான்றிதழ் உங்கள் சொந்த, அல்லது நீங்கள் குத்தகைக்கு எடுத்த நிலத்துக்குத்தான். பக்கத்துத் தோட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அடித்தால் அது வணிகத் தெளிப்பு, அதற்கு வேறு லைசென்ஸ்.

கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை அடித்தால் 14 நாளுக்குள் எழுதி வைக்க வேண்டும், இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். மருந்தின் பெயர், ஈ.பி.ஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண், மொத்த அளவு, தேதி, இடம், பயிர், பரப்பு, அடித்தவர் பெயர், சான்றிதழ் எண். ஒன்பது விவரம். நான் எல்லா மருந்துக்கும், எண்ணெய்க்குக்கூட, இதே படிவத்தில்தான் எழுதுகிறேன். இரண்டு வருடம் கழித்துச் சிலந்திப்பேன் எங்கிருந்து கிளம்பியது என்று தேடும்போது அந்த நோட்டுதான் பதில் சொல்லும்.

ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் வந்துவிடும். வருடா வருடம் பயிற்சி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் தெளிப்பு விவரமும் பாதுகாப்புத் தாளும், கை கழுவத் தண்ணீர், சோப்பு. அவர் மருந்து கலக்கி அடிப்பவர் என்றால், லேபிள் முகமூடி கேட்கும்பட்சத்தில் மருத்துவப் பரிசோதனையும் முகமூடிப் பொருத்தச் சோதனையும் முதலிலேயே செய்ய வேண்டும். தாடி வைத்திருப்பவருக்குச் சாதாரண முகமூடி பொருந்தாது. இதை வேலைக்கு எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். குடும்பத்தினர் மட்டும் வேலை செய்தால் இவற்றில் பலவற்றுக்கு விலக்கு உண்டு. லேபிளில் சொன்ன உடையும், மீண்டும் உள்ளே போக அனுமதிக்கும் நேரமும் உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும்.

கடைசியாக, ஃபீல்டுவாட்ச் என்ற இணைய வரைபடத்தில் உங்களைச் சுற்றி யார் தேனீ வளர்க்கிறார்கள் என்று பாருங்கள். காசில்லை, ஐந்து நிமிட வேலை. தேன்பெட்டிக்காரரோடு முதல் பேச்சு மருந்தடிப்பதற்கு முன்பே நடந்துவிடுவது நல்லது.

4. எந்தப் பூச்சி, எந்த மாதம்

நான்கைத் தெரிந்துகொண்டால் முதல் மூன்று வருடம் ஓடிவிடும்.

*கிளை அசுவினி.* பால்சம் ட்விக் அஃபிட் என்பார்கள். முட்டை குச்சியின் பட்டையில் குளிரைக் கழிக்கும், வசந்தத்தின் தொடக்கத்தில் பொரிக்கும். முதல் தலைமுறை பழைய இலைகளில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. மொட்டு விரிந்ததும் அதன் குட்டிகள் தளிருக்குள் புகுந்துகொள்ளும், இலை சுருளும். அடிப்பதென்றால் பொரித்த பிறகு, மொட்டு விரியும் முன். அதாவது ஏப்ரலை ஒட்டிய சில வாரம். மரம் இருக்கும் உயரத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். சுருண்டபின் அடித்தால் மருந்து உள்ளே போகாது. போனாலும் சுருண்டது நிமிராது. ஜூன் வாக்கில் அசுவினி தானாகவே மரத்தை விட்டுப் போய்விடும். நான் மே கடைசியில் அடித்தது, திருடன் போனபின் வந்த காவல்காரனைப் பிடித்து அடித்த மாதிரி.

*ஸ்ப்ரூஸ் சிலந்திப்பேன்.* இது குளிர்ச்சி விரும்பி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெருகும், நடுக்கோடையில் அடங்கும். ஊரில் வெண்டைச் செடியில் பார்க்கும் செஞ்சிலந்திப் பேன் வெயிலில் பெருகுவது. அந்த நினைப்பில் ஜூலையில் தேடி, ஒன்றுமில்லை என்று செப்டம்பரில் அசந்துவிடாதீர்கள். ஒருமுறை துரு நிறமான இலை திரும்பப் பச்சையாவதில்லை. ஃபிரேசர் ஃபர் இலைகளை வருடக்கணக்கில் உதிர்க்காமல் வைத்திருக்கும் மரம்; அதனால் ஒரு பருவத்துக் கறை விற்பனை நாள் வரை கூடவே வரும். நல்ல மழை பெய்தால் நிறையப் பேனைக் கழுவிவிடும். மருந்தடிக்கும் முன் வானிலை பாருங்கள், மழைக்குப் பிறகு மறுபடி எண்ணுங்கள்.

*பஞ்சு அடெல்ஜிட்.* பால்சம் உல்லி அடெல்ஜிட். அடிமரத்துப் பட்டையில் வெள்ளைப் பஞ்சுப் புள்ளிகளாக இருக்கும். மரத்தின் உச்சி கோணுவது, தட்டையாவது, கணுக்கள் வீங்குவது இதன் அடையாளங்கள். இதில் மட்டும் பொறுமை வேண்டாம். இந்த மரத்தைக் கொல்லக்கூடியது, இயற்கை எதிரிகள் இதை இங்கே அடக்குவதில்லை. கண்டால் அடிக்க வேண்டும், அதுவும் அகன்ற வீச்சுள்ள மருந்தால். பூச்சி பட்டையில் இருப்பதால் அடிமரம் உச்சியிலிருந்து தூர் வரை நனைந்தாக வேண்டும். மருந்தைக் காற்றோடு ஊதும் மிஸ்ட் புளோயரின் பனித்துளி அங்கே போய்ச் சேராது. உயர் அழுத்தக் கைத்துப்பாக்கி, ஏக்கருக்குச் சில நூறு காலன் தண்ணீர். இப்படி ஒழுங்காக அடித்தால் ஒரு மரத்தின் ஆயுளில் ஓரிரு முறை போதும். அரைகுறையாக அடித்தால் வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும், வருடா வருடம் நல்ல பூச்சிகளும் சாகும். நான் இதை மரம் உறங்கும் மாதங்களில்தான் செய்கிறேன்: அறுவடைக்குப் பின், அல்லது மார்ச்சில் பொறிவண்டு எழும் முன். தண்ணீர் உறைவதற்குள் காயும் அளவு வெப்பம் உள்ள நாளாகப் பார்க்க வேண்டும். அப்படி நாள் கிடைப்பது லேசில்லை.

*நீள் செதில்பூச்சி.* எலாங்கேட் ஹெம்லாக் ஸ்கேல். இலையின் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் நீளமாக ஒட்டியிருப்பது பெண், வெள்ளையாகத் தெரிவது ஆண். எல்லாப் பருவமும் வருடம் முழுக்கக் கலந்தே இருக்கும், அதனால் சரியான நாள் என்று ஒன்று இல்லை. மேலே மெழுகு ஓடு இருப்பதால் பைரித்ராய்டு பெரிதாகத் தொடாது. அதன் உடலுக்குள் முட்டையிடும் என்கார்சியா என்ற குட்டிக் குளவியைத் தொடும், நன்றாகவே தொடும். பைரித்ராய்டு அடித்துச் செதில்பூச்சியை வளர்ப்பது இங்கே பலர் தெரியாமல் செய்யும் வேலை. ஒரு பொறி உண்டு: செத்த செதில் இலையை விட்டு விழாது. மருந்தடித்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கும், வேலை செய்யவில்லை என்று மறுபடி அடிப்பீர்கள். குண்டூசியால் ஓட்டைப் புரட்டுங்கள். உள்ளே மஞ்சளாக, ஈரமாக இருந்தால் உயிரோடிருக்கிறது, காய்ந்திருந்தால் செத்தது. ஓட்டில் வட்டமாகத் துளை இருந்தால் குளவி வெளியேறிய வாசல் அது, அந்த வரிசையில் கை வைக்காதீர்கள். வேறு மாநிலத்துக்கு மரம் அனுப்பும் எண்ணம் இருந்தால் இந்தப் பூச்சியை இன்னும் கவனமாகப் பாருங்கள். போன இடத்தில் சோதனையில் பிடிபட்டால் மரம் உங்கள் செலவில் அழியும்.

5. மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணைப் பாருங்கள்

லேபிளின் முன்பக்கம் ஒரு பெட்டிக்குள் குழு எண் இருக்கும். அது மருந்து வேலை செய்யும் விதத்தைச் சொல்லும். 1ஏ, 1பி, 3ஏ என்று இருந்தால் கார்பரில், டைமெத்தோயேட், பைரித்ராய்டு வகையறா. நல்லது கெட்டது எல்லாவற்றையும் கூட்டித் தள்ளும். கோடையில் இவற்றை நான் தோட்டத்துக்குள் கொண்டு வருவதில்லை.

அசுவினிக்கு 29-ஆம் எண் ஃப்ளோனிகாமிட், 9பி பைமெட்ரோசின் போன்றவை சாறுறிஞ்சிகளை மட்டும் பட்டினி போடும்; பொறிவண்டு தப்பிக்கும். சிலந்திப்பேனுக்கு 10ஏ ஹெக்சிதியாசாக்ஸ், 20டி பைஃபெனசேட். முதலாவது முட்டையையும் குஞ்சையும் பிடிக்கும், வளர்ந்ததைக் கொல்லாது. ஆகவே சீக்கிரம் அடிக்க வேண்டிய மருந்து, மரம் துரு நிறமானபின் பயனில்லை. இரண்டாவது நகர்வதைப் பிடிக்கும். இரண்டுமே இரைவிழுங்கிப் பேனுக்குக் கெடுதல் குறைவு. செதில்பூச்சிக்கு 23-ஆம் எண் ஸ்பைரோடெட்ரமாட். பயிர்ப் பட்டியலில் கிறிஸ்துமஸ் மரம் என்று அச்சடித்திருக்கிறதா என்று வாங்கும் முன் கடையிலேயே லேபிளைப் பிரித்துப் பாருங்கள். இல்லாததை அடிப்பது சட்டப்படி குற்றம். வீட்டுப் புல்வெளிக்கு விற்கும் பாட்டிலை விற்பனை மரத்துக்கு அடிப்பதும் இதில்தான் சேரும்.

பெயரில் ஏமாறாதீர்கள். பைஃபென்த்ரின் ஒன்று, பைஃபெனசேட் வேறொன்று. ஒன்று சிலந்திப்பேனை வரவழைக்கும், இன்னொன்று விரட்டும். கடைக்காரரிடம் தொலைபேசியில் சொல்லும்போது எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.

அப்புறம் இமிடாக்ளோபிரிட். மண்ணில் ஊற்றுவது, இலைமேல் படாது, ஆகவே பொறிவண்டுக்கு ஆபத்தில்லை என்று ஒரு வாதம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் எல்ம் மரங்களுக்கு இதை மண்வழியே கொடுத்தபோது சிலந்திப்பேன் வெடித்துப் பெருகியது ஆய்வாளர்கள் பதிவு செய்த விஷயம். ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்திலும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். மருந்தேறிய இலையைத் தின்ற சிலந்திப்பேன் அதிக முட்டை இட்டது. எதிரி செத்ததால் மட்டுமே பெருகுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய பாடம்.

எண்ணெய் மருந்து மலிவு, பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வராது, காய்ந்தபின் வருகிற நல்ல பூச்சிக்குத் தீங்கில்லை. ஆனால் நீல ஸ்ப்ரூஸ் நாலு மரம் அழகுக்கு வைத்திருந்தால் அதில் படவே கூடாது. அந்த நீலம் ஒரு மெழுகுப் பூச்சு. எண்ணெய் பட்டால் கரைந்து பச்சையாகிவிடும்.

6. அடிக்கும் நாள்

முந்தின நாள் வெறும் தண்ணீரை வைத்து ஒத்திகை பாருங்கள். தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் காகிதத் துண்டு கிடைக்கும். அதை மரத்தின் நடுவில், இலையின் அடிப்பக்கம், கிளிப் போட்டு மாட்டி அடித்துப் பாருங்கள். என் முதல் ஒத்திகையில் வெளிக்கிளை முழுக்க நீலம், உள்ளே ஒரு பொட்டுகூட இல்லை. சிலந்திப்பேன் இருப்பது உள்ளேதான்.

காலையில் காற்று எழும் முன் அடியுங்கள். வரிசைக்கு நடுவில் குளோவர் (தரையில் படரும் சிறு பூச்செடி) பூத்திருந்தால் முதல் நாளே புல்லை வெட்டிவிடுங்கள். பூ இருந்தால் தேனீ இருக்கும்.

தெளிப்பவரைச் சுற்றி யாரும் நிற்கக் கூடாத தூரம் ஒன்று உண்டு: மிஸ்ட் புளோயர் போல மென்துளியாக அடித்தால் 100 அடி, பெரிய துளியாக மேலிருந்து அடித்தால் 25 அடி. இது உங்கள் வேலிக்கு வெளியேயும் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு நடந்து வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல மருந்துகளுக்கு மீண்டும் உள்ளே போக 12 மணி நேரம், சிலவற்றுக்கு அதைவிட அதிகம். லேபிளில் இருப்பதுதான் கணக்கு. வாடிக்கையாளரே மரத்தை வெட்டிக்கொண்டு போகும் தோட்டமாக நடத்துகிறீர்கள் என்றால், வாடிக்கையாளர் மரம் பார்க்க வரும் வாரத்தில் மருந்து வேலையே வைக்காதீர்கள்.

ஒரு வரிசையை அடிக்காமல் விடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள். அந்த ஒரு வரிசை இல்லாமல் மருந்து வேலை செய்ததா, மழை வேலை செய்ததா என்று உங்களுக்கு என்றைக்கும் தெரியாது. என் மூன்றாவது வருடம் அடிக்காத வரிசையிலும் சிலந்திப்பேன் இறங்கிப்போனது. நான் செலவழித்த சில நூறு டாலருக்கு அதில் பங்கில்லை என்று அப்போது தெரிந்தது.

7. பத்தாம் நாள் திரும்பப் போங்கள்

அடித்த வரிசை, அடிக்காத வரிசை இரண்டிலும் தட்டைப் பிடியுங்கள். கெட்டது குறைந்ததா என்பது பாதிக் கேள்விதான். ஓடுகிற பேன் மிச்சமிருக்கிறதா என்பது மீதிப் பாதி. கெட்டதும் நல்லதும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அடுத்த குளிர்ச்சி வரும் வரை வாரம் தவறாமல் பார்க்க வேண்டிய மரங்கள் அவை. கெட்டது மீண்டும் வந்தால் அதே எண்ணுள்ள மருந்தை மறுபடி அடிக்காமல் வேறு எண்ணுக்கு மாறுங்கள்.

8. தரையையும் உரத்தையும் கவனியுங்கள்

வரிசைகளுக்கு நடுவே மண்ணை மொட்டையாக வைத்திருப்பது சுத்தமாகத் தெரியும். அந்தச் சுத்தம் தூசைக் கிளப்பும், சிர்பிட் ஈக்கும் குளவிக்கும் தேன் இல்லாமல் செய்யும். இங்குள்ள பழைய விவசாயிகள் பலர் களைக்கொல்லியைக் குறைந்த அளவில் அடித்து உயரமான களைகளை மட்டும் தடுத்து, வெள்ளை குளோவரைப் பரவ விடுகிறார்கள். குளோவர் தழைச்சத்தும் தரும்.

தழைச்சத்து என்றதும் ஒன்று. மரம் பச்சையாக இருக்கட்டும் என்று யூரியாவை அள்ளிக் கொட்டினால் செதில்பூச்சியும் சிலந்திப்பேனும்தான் கொழுக்கும். மண் பரிசோதனை செய்துவிட்டுப் போடுங்கள். வட கரோலினா வேளாண் துறையின் ஆய்வகத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை இலவசம். டிசம்பர் முதல் மார்ச் வரை மாதிரிக்கு 4 டாலர், கூட்டமும் அதிகம். இலையுதிர் காலத்திலேயே பெட்டியைக் கொடுத்துவிடுங்கள்.

9. செலவு

லென்ஸ், தட்டு, நோட்டு எல்லாம் 20 டாலருக்குள். முதுகில் சுமக்கும் மிஸ்ட் புளோயர் எனக்கு 600 டாலருக்கு மேல் ஆனது. முதல் வருடம் வாங்காதீர்கள், வாடகைக்கோ ஆள் வைத்தோ பாருங்கள். உயர் அழுத்தத் தெளிப்பு நான்கு ஏக்கருக்குச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் சமாசாரம் இல்லை. தேர்ந்து கொல்லும் மருந்து பைரித்ராய்டைவிட ஏக்கருக்கு நன்றாகவே விலை கூடும். கடையில் நின்று இரண்டு விலையையும் பார்த்தால் கை மலிவானதைத்தான் எடுக்கும். என் நோட்டில் அந்த மலிவான மே மாதத் தெளிப்புக்குப் பக்கத்தில் செப்டம்பர் சிலந்திப்பேன் மருந்தின் விலையையும், வெட்ட முடியாமல் நின்ற 60 மரத்தின் விலையையும் எழுதி வைத்திருக்கிறேன். கடந்த மூன்று வருடமாக விற்பனை மரங்களுக்கு மட்டும் ஏப்ரலில் ஒருமுறை. சிலந்திப்பேனுக்கு ஒரே ஒரு வருடம், ஒரு மூலைக்கு மட்டும். மீதம் வந்த பழைய மருந்தை வட கரோலினா வேளாண் துறை சேகரிப்பு நாளில் காசு வாங்காமல் எடுத்துக்கொள்ளும். என் அரை பாட்டில் பைஃபென்த்ரின் அப்படித்தான் போனது.

10. நவம்பரில் ஒரு சோதனை

மரத்தை வீட்டுக்குக் கொண்டு போனபின் கறுப்புப் பூச்சி ஊர்கிறது என்று வாடிக்கையாளர் கூப்பிடுவார். பெரும்பாலும் அது சினாரா என்ற பெரிய அசுவினி. கடிக்காது, வீட்டுச் செடிக்கும் போகாது. இதற்குப் பயந்து வெட்டும் முன் மருந்தடிக்க வேண்டாம், குழந்தைகள் கட்டிப்பிடிக்கும் மரம் அது. மரம் குலுக்கும் இயந்திரத்தில் வைத்து நன்றாகக் குலுக்கிக் கொடுத்தால் போதும். குலுக்கினாலும் விழாதது ஒன்று உண்டு: கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. குச்சியில் காய்ந்த நுரை உருண்டை போல ஒட்டியிருக்கும், வீட்டுச் சூட்டில் டிசம்பரிலேயே பொரித்துப் பெருங்கூட்டமாக வெளியே வரும். கண்ணில் பட்டால் அந்தக் குச்சியை மட்டும் கத்தரித்து, அடுத்த வருட மரம் ஒன்றின் உள்கிளையில் செருகி வைத்துவிடுங்கள்.